சேமித்த தானியமும் வாசனைத் தைலங்களும்: வாசகர் கேள்வி – பதில்

அறுவடை முடிந்து வீடுகளில் நெல்லும் பயறும் சேரும் காலம் என்பதால், தானியத்தைப் பூச்சியிடமிருந்து காப்பது பற்றிய கேள்விகளே இம்முறை மிகுதியாக வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை யூகலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சைப்புல் போன்ற தாவரங்களின் வாசனை எண்ணெய்களைக் குறித்தவை. ஆகவே இப்பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆண்டுச் சாப்பாட்டுக்கான அரிசியை 25 கிலோ மூட்டைகளாகக் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். பஞ்சில் நான்கைந்து சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டு மூட்டைக்குள் வைத்தால் வண்டு வராது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியே செய்தோம். முதல் சில நாட்களில் வண்டுகள் சாக்குக்கு வெளியே ஊர்ந்து வந்தன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முன்பைவிட அதிகமாக இருக்கின்றன. தைலம் போலியா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தைலம் போலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது தன்னால் இயன்றதைச் செய்து முடித்து ஆவியாகிவிட்டது. அதனால் இயலாததையே நீங்கள் ஒரு மாதம் கழித்துக் கண்டீர்கள்.

யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியக் கூறு சினியோல் என்னும் பொருள். பூச்சிகளுக்கு நம்மைப் போல மூக்கும் நுரையீரலும் கிடையாது. உடலின் இரு பக்கங்களிலும் உள்ள நுண்ணிய மூச்சுத் துளைகள் வழியாகக் காற்று நேரடியாக உள்ளே செல்கிறது. சினியோலின் ஆவியும் அதே துளைகள் வழியாகவே நுழைந்து, நரம்புச் செய்திகளை ஒழுங்குபடுத்தும் ஒரு நொதியின் வேலையைக் குலைக்கிறது. ஆவி அடர்த்தியாக இருந்தால் வண்டு துடித்து இறக்கும். மெலிதாக இருந்தால் அந்த இடத்தைவிட்டு விலகி ஓடும். முதல் நாட்களில் நீங்கள் பார்த்தது இந்த இரண்டாவது விளைவைத்தான்.

ஆனால் உங்கள் அரிசியில் இருந்த பூச்சிகளில் கண்ணுக்குத் தெரிந்தவை ஒரு பகுதியே. நீண்ட மூக்குள்ள அரிசிக் கூன்வண்டு தன் முட்டையை அரிசிமணியின் மேல் ஒட்டிவைப்பதில்லை. மணியில் சிறு துளையிட்டு, உள்ளே ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற சுரப்பினால் அந்தத் துளையை அடைத்தும் விடுகிறது. புழு மணிக்குள்ளேயே பிறந்து, மணியையே உண்டு, மணிக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வருகிறது. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். நீங்கள் தைலம் வைத்த நாளில் வெளியே சில பத்து வண்டுகள் இருந்திருந்தால், மணிகளுக்குள் அதைப்போல் பல மடங்கு புழுக்கள் இருந்திருக்கும். மணிக்குள் இருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் மெலிந்த ஆவி எட்டுவதில்லை. ஓடிப்போனவை ஓடிப்போக, உள்ளே வளர்ந்தவை முறைப்படி வெளியே வந்தன.

அளவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பூச்சிகளை மட்டும் கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் செய்யும் ஆய்வுகளில், ஒரு லிட்டர் காற்றுக்குச் சில பத்து மைக்ரோலிட்டர் (ஒரு மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தைலம் இருந்தால் கூன்வண்டுகள் ஒரு நாளில் பெருமளவு இறக்கின்றன. 25 கிலோ அரிசி ஏறக்குறைய 30 லிட்டர் இடத்தை அடைக்கும். லிட்டருக்கு 40 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.2 மில்லிலிட்டர் தைலம் வேண்டும். நான்கைந்து சொட்டு என்பது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. அதோடு கணக்கு முடிவதில்லை. தானியம் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்; குப்பியில் தானியத்தையும் சேர்த்து வைத்தாலே தேவைப்படும் அளவு பல மடங்காக உயர்கிறது. சணல் சாக்கோ நெய்த பிளாஸ்டிக் சாக்கோ ஆவியைப் பிடித்து வைப்பதும் இல்லை. இவை எல்லாவற்றையும் ஈடுகட்டும் அளவுக்குத் தைலத்தை ஊற்றினால், அந்த அரிசியைச் சமைத்து வாயில் வைக்க முடியாது.

எனவே சாக்கு மூட்டையில் தைலப் பஞ்சு வைப்பது வீண்செலவு என்பதே என் கருத்து. இப்போதுள்ள அரிசியைச் சலித்து, வண்டையும் தூளையும் நீக்கி, நிழலில் பரப்பி ஆற்றுங்கள். அரிசியைச் சுடுவெயிலில் போட்டால் மணி வெடித்து நொய்யாகும். பிறகு இறுக மூடும் தகர டிரம்மில் விளிம்புவரை நிரப்பி வையுங்கள். மூடிய கலத்தில் பூச்சிகளின் மூச்சே உள்ளிருக்கும் ஆக்சிஜனைக் குறைத்து, அவற்றின் பெருக்கத்தை நிறுத்தும். அடிக்கடி திறந்தால் அந்தப் பயன் போய்விடும் என்பதால், அன்றாடச் செலவுக்கு வேறொரு சிறு பாத்திரம் இருக்கட்டும். அத்தகைய டிரம்மில், மூடியின் உட்புறத்தில் ஒரு துணிமுடிச்சில் தைலம் வைப்பது புதிதாகப் பூச்சி நுழையாமல் இருக்க ஓரளவு உதவும். வசதி இருந்தால் நெல்லாகவே வைத்திருந்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைத்துக்கொள்வதே மேல். உமி பிளவுபடாத நெல்லைக் கூன்வண்டு எளிதில் தாக்குவதில்லை. நெல்லைத் துளைக்கும் சிறிய உருளை வண்டும் அந்துப்பூச்சியும் தாக்கும் என்பது உண்மைதான். ஆனால் நன்கு காய்ந்த நெல்லில் அவற்றின் பெருக்கமும் மெதுவாகவே இருக்கும்.

கேள்வி: தானியம் போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்பதைக் கருவி இல்லாமல் அறிய முடியுமா?
– வாசகி, சீர்காழி

பதில்: பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கும் பழைய முறை அனுபவசாலிகளுக்குப் போதும். மற்றவர்களுக்கு உப்புச் சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தைப் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த பொடியுப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து, மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். உப்பு குப்பியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரப்பதம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது என்று கொள்ளலாம். நெல்லை நீண்ட நாள் வைக்க 12 முதல் 13 சதவீதமும், பயறுகளுக்கு 9 முதல் 10 சதவீதமும் நல்லது என்பதால், உப்புச் சோதனையில் தேறிய பிறகும் ஒன்றிரண்டு நல்ல வெயில் கொடுப்பது நன்று. ஈரமான தானியத்தில் எந்தத் தைலமும் பயன் தராது. அதில் பூச்சிக்கு முன்பே பூஞ்சணம் வந்துவிடும்.

கேள்வி: பாசிப்பயறு, உளுந்து இரண்டையும் விதைக்காகவும் உணவுக்காகவும் சேமிக்கிறோம். வேப்பெண்ணெய் தடவுவது நல்லதா, கிராம்புத் தைலம் கலப்பது நல்லதா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: இவ்விரண்டும் ஒரே வகை எண்ணெய்கள் அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவை விதையைச் செக்கிலிட்டு எடுப்பவை. அவை ஆவியாவதில்லை, பூசிய இடத்திலேயே படலமாக நிற்கும். கிராம்பு, யூகலிப்டஸ், புதினா, எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் தைலங்கள் நீராவியில் வடித்து எடுக்கப்படுபவை. அவை ஆவியாகிப் பரவும், சில நாட்களில் மறைந்தும் போகும். பயறு வண்டைப் பொறுத்தவரை, முதல் வகையே உங்களுக்கு ஏற்றது. அதற்குக் காரணம் அந்த வண்டின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது.

பயறு வண்டு கூன்வண்டைப் போல் முட்டையை மணிக்குள் ஒளிப்பதில்லை. பயறின் வழவழப்பான தோலின் மேல் வெள்ளைப் புள்ளி போல ஒட்டிவிடுகிறது. உற்றுப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். முட்டையின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு புழு நேரே பயறுக்குள் இறங்கும். ஆகவே பயறின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால், முட்டை சரியாக ஒட்டாது. ஒட்டிய முட்டைக்கும் காற்று கிடைக்காமல் அது பொரியாமல் அழியும். ஒரு கிலோ பயறுக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் எண்ணெய் போதும். எல்லா மணிகளிலும் படும்படி கையால் நன்றாகப் புரட்ட வேண்டும் என்பதே இதில் முக்கியம். உணவுக்கான பயறில் கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ பூசலாம். வேப்பெண்ணெயை விதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கசப்பு எளிதில் போகாது, உண்பதற்கும் உகந்ததன்று.

பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே தொற்றிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முற்றிய காய்களின் மேல் இடப்பட்ட முட்டைகள் அறுவடையோடு வீட்டுக்கு வந்துசேர்கின்றன. அதனால் காய்களைச் செடியிலேயே அதிக நாள் காயவிடாமல் உரிய நேரத்தில் பறித்து, அடித்துத் தூற்றிய உடனே நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு எண்ணெய் பூசுவதே சரியான வரிசை. விதைப் பயறுக்கு 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் தூண்டப்பட்ட களிமண் தூளை (இதற்கெனப் பதப்படுத்திய களிமண்) கலப்பதும் பரிந்துரைக்கப்படும் முறையே. அந்தத் தூள் வண்டின் மேல்தோலிலுள்ள மெழுகைச் சுரண்டி, உடல் ஈரத்தை வற்றச் செய்துவிடும். நம் தென்மாவட்டங்களில் துவரைக்குச் செம்மண் கட்டுவதும் இதற்கு நெருங்கிய முறை. துவரையைப் பருப்பாக உடைத்துவிட்டால் பயறு வண்டுத் தொல்லை வெகுவாகக் குறையும், ஏனெனில் அந்த வண்டு விரும்பி முட்டையிடுவது முழுப்பயறில்தான்.

கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினால் பயறு வண்டைக் கொல்லும் ஆற்றலுள்ளதே; அதை நான் மறுக்கவில்லை. கையில் இருக்கும் கடலை எண்ணெய் பல மாதங்களுக்குச் செய்யும் வேலையை, பல மடங்கு விலையுள்ள தைலத்தைக் கொண்டு சில நாட்களுக்கு மட்டும் செய்துகொள்வானேன் என்பதே என் கேள்வி.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டி காலம் முதல் குதிரில் வசம்புத் துண்டுகளைப் போட்டு வைப்போம். அது நஞ்சு என்று இப்போது சொல்கிறார்கள். விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற பொருளை நஞ்சு என்று கேட்கும்போது மனம் ஏற்க மறுப்பது இயல்பே. ஆயினும் இக்கேள்விக்கு நேரான விடை தர வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நான் அறிந்தவரை, சேமிப்புப் பூச்சிகளுக்கு எதிராக நம் மரபு கண்டெடுத்த மூலிகைகளுள் வசம்பே மிகுந்த வலிமையுள்ளது. அதன் தைலத்தில் பீட்டா அசரோன் என்னும் பொருள் இருக்கிறது. நம் நாட்டில் வளரும் வசம்பில் அதன் பங்கு மிக அதிகம். அமெரிக்காவில் வளரும் ஒரு வகையில் அது இல்லவே இல்லை. பீட்டா அசரோன் பூச்சிகளை விரட்டுவதோடு அவற்றை மலடாக்கவும் செய்கிறது. வண்டு உயிரோடு இருந்தாலும் அதற்குச் சந்ததி இல்லாமல் போகும். சுவடிகளையும் பட்டுத் துணிகளையும் காக்க வசம்பைப் பயன்படுத்திய முன்னோரின் அறிவு வீண்போகவில்லை.

ஆனால் அதே பீட்டா அசரோன், எலிகளுக்கு நீண்ட நாள் உணவோடு கொடுத்த ஆய்வுகளில் கட்டிகளை உண்டாக்கியது. அதனால் 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வசம்பையும் அதன் தைலத்தையும் உணவில் சேர்ப்பது தடை செய்யப்பட்டது. எனவே பயன்பாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விதை நெல், விதைப் பயறு ஆகியவற்றில் வசம்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உண்ணும் தானியத்தில் வசம்புப் பொடியைத் தூவுவதையும், வசம்புத் தைலத்தைத் தெளிப்பதையும் கட்டாயம் தவிருங்கள். துண்டுகளாகவே வைத்துதான் ஆக வேண்டுமென்றால், துணியில் முடிந்து, தானியத்தோடு கலக்காதபடி மேலே கட்டித் தொங்கவிட்டு, சமைக்கும் முன் தானியத்தைப் பலமுறை கழுவுங்கள். என் வீட்டில் உண்ணும் அரிசிக்கு நான் வசம்பு வைப்பதில்லை.

கேள்வி: வேப்பிலை, நொச்சி இலைகளைப் போடுவதும் தைலம் வைப்பதும் ஒன்றுதானா?
– வாசகர், அரியலூர்

பதில்: நொச்சி இலையின் மணத்துக்குக் காரணம் அதிலுள்ள தைலமே என்பதால் அடிப்படை ஒன்றுதான், ஆனால் இலையில் தைலத்தின் பங்கு மிகச் சிறியது. அது பூச்சியைக் கொல்லாது, சற்று விலக்கி வைக்கும். வேப்பிலையின் ஆற்றல் மணத்தில் இல்லை, கசப்புப் பொருள்களில் இருக்கிறது. அதிலும் இலையைவிட விதையில்தான் அதிகம். எந்த இலையானாலும் நிழலில் நன்றாகச் சருகாகக் காய்ந்த பிறகே போடுங்கள். பச்சை இலை தன் ஈரத்தைத் தானியத்துக்குக் கொடுத்து, நீங்கள் காயவைத்த உழைப்பைக் கெடுத்துவிடும்.

கேள்வி: நான் சிறிய பருப்புக் கிடங்கு நடத்துகிறேன். இப்போது மாத்திரை வைத்து மூட்டம் போடுகிறோம். அதற்குப் பதிலாகத் தாவரத் தைலங்களைப் பயன்படுத்தினால் இயற்கை முறை என்று சொல்லி விற்கலாம் என நினைக்கிறேன். இது இயலுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: இன்றைய நிலையில், மூட்டைகளை அடுக்கிய கிடங்கில் மாத்திரைக்கு முழு மாற்றாகத் தைலம் நிற்காது. உங்கள் எண்ணம் வரவேற்கத்தக்கது என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை வெளியிடுகிறது. 3 கிராம் மாத்திரை ஒரு கிராம் பாஸ்பீனைத் தரும். அந்த வாயுவின் மூலக்கூறு மிகச் சிறியது. மூட்டையின் நடுவுக்கும், பயறுக்குள் இருக்கும் புழுவுக்கும் ஊடுருவிச் செல்லும். காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் வெளியேறியும் விடும். தைலத்தின் மூலக்கூறுகள் பெரியவை. அவை முதலில் எதிர்ப்படும் மூட்டைகளின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றுவிடுகின்றன; ஒட்டிய மணமும் எளிதில் போவதில்லை.

ஆயினும் உலகெங்கும் ஆய்வாளர்கள் தைலங்களை நாடுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மெத்தில் புரோமைடு என்னும் மற்றொரு மூட்ட மருந்து ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகள் 2005-லும், வளரும் நாடுகள் 2015-லும் அதைக் கைவிட்டன; ஏற்றுமதி, இறக்குமதித் தடுப்புப் பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பாஸ்பீன்தான். அதற்கும் உருளை வண்டு, சிவப்பு மாவு வண்டு போன்றவை பல நாடுகளில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. வாயு கசியும் கிழிந்த விரிப்புகளால் மூடி, போதிய நாட்கள் விடாமல் திறந்துவிடும் அரைகுறை மூட்டமே இந்த எதிர்ப்பாற்றல் வளர முக்கியக் காரணம். ஆகவே உங்கள் கிடங்கில் முதலில் சரிசெய்ய வேண்டியது விரிப்பையும் நாட்களையுமே.

தைலங்களை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து, மெல்ல மெல்ல வெளிவரச் செய்யும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நல்ல பலன் காட்டியுள்ளன. அவை கிடங்குக்கு வந்துசேரும் என்று நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அதுவரை, கிடங்கில் பூச்சிக்கொல்லியாக எதைப் பயன்படுத்தினாலும் அது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடோ, அரசு நிறுவனங்களும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே வல்லுநர் மேற்பார்வையில் கையாள வேண்டிய மருந்து. அதன் நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. வீட்டில் உறங்கும் அறைக்கு அருகே இம்மாத்திரையை வைத்துக் குடும்பமாக உயிரிழந்த துயரங்கள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. இந்தப் பக்கத்தைப் படிக்கும் எவரும் வீட்டுத் தானியத்துக்கு அதை வாங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்தே இல்லாமல் விற்க விரும்பினால், காற்றுப்புகாப் பைகளைப் பாருங்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் மேற்கு ஆப்பிரிக்காவின் தட்டைப்பயறு உழவர்களுக்காக உருவாக்கிய மூன்றடுக்குப் பைகள் 2007 முதல் பரவலாக்கப்பட்டன. உள்ளே இரண்டு பாலித்தீன் உறைகள், வெளியே நெய்த சாக்கு என்ற எளிய அமைப்பு அது. ஆக்சிஜன் குறைந்ததும் பயறு வண்டின் பெருக்கம் நின்றுபோகிறது. இத்தகைய பைகள் இப்போது நம் நாட்டிலும் கிடைக்கின்றன. இயற்கை முறை என்று முழுமனதோடு சொல்லி விற்க இது உங்களுக்கு இடம் தரும்.

கேள்வி: ரவை, மைதா, கேழ்வரகு மாவு ஆகியவற்றில் சிவப்பாகச் சிறிய வண்டுகள் வருகின்றன. தைலம் வைக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம். மாவு எந்த மணத்தையும் விரைவில் பற்றிக்கொள்ளும். மேலும் அந்தச் சிவப்பு மாவு வண்டு பல தைலங்களைக் கூன்வண்டைவிட நன்றாகவே தாங்கும். வாங்கிய மாவைப் பையோடு உறைபெட்டியில் நான்கு நாட்கள் வைத்து எடுத்து, சூடு சமநிலைக்கு வந்த பிறகு திறந்து, இறுக மூடும் டப்பாவில் கொட்டுங்கள். பழைய மாவின் மேல் புதிய மாவைக் கொட்டும் பழக்கத்தை விடுங்கள். கெட்ட வாடை வீசினாலோ நிறம் மாறியிருந்தாலோ அதை உண்ணாதீர்கள். இந்த வண்டு சுரக்கும் பொருள்களே அதற்குக் காரணம்.

தைலக் குப்பிகள் எதுவானாலும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் சிறிதளவு விழுங்கினாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். அந்துருண்டையை ஒருபோதும் உணவுப் பொருளின் அருகில் வைக்காதீர்கள்.

கேள்வி: விதை நெல்லுக்குத் தைலம் பயன்படுத்தினால் முளைப்புத் திறன் குறையுமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: குறையக்கூடும், அளவைப் பொறுத்தது. வாசனைத் தைலங்களின் பல கூறுகள் முளைப்பைத் தடுப்பவை. நெதர்லாந்தில், சீரகம் போன்ற கேரவே விதையின் தைலத்திலுள்ள கார்வோன் என்னும் பொருளைக் கொண்டு சேமித்த உருளைக்கிழங்கு முளைவிடாமல் தடுத்திருக்கிறார்கள் என்றால் அதன் வலிமையை நீங்கள் உணரலாம். ஆகவே தைலத்தை விதையின் மேல் நேராகத் தெளிக்காதீர்கள். விதை முழுவதற்கும் பயன்படுத்தும் முன், இரண்டு சிறு குப்பிகளில் ஒரே விதையைப் போட்டு, ஒன்றில் மட்டும் தைலத் துணி வைத்து, ஒரு மாதம் மூடி வையுங்கள். பின்னர் ஒவ்வொன்றிலிருந்தும் 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி முளைக்கவிட்டு எண்ணிப் பாருங்கள். நெல்லில் 80, உளுந்து, பாசிப்பயறில் 75 என்பவை விதைச் சான்றளிப்பில் கேட்கப்படும் குறைந்த அளவு முளைப்புகள். தைலம் வைத்த குப்பியில் அதற்குக் கீழே போனாலும், வைக்காத குப்பியைவிடத் தெளிவாகக் குறைந்தாலும், அந்தத் தைலத்தை அந்த விதைக்குப் பயன்படுத்தாதீர்கள்.